காட்டு விளைச்சலும் கடல் கடந்த சரக்கும்

தை மாதத்தில் பெரம்பலூரிலிருந்து எந்தத் திசையில் பேருந்து ஏறினாலும் சாலையோரம் மக்காச்சோளம் காய்வதைப் பார்க்கலாம். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், இந்த மூன்றும்தான் இந்த மாவட்டத்துக் கரிசலின் பிழைப்பு. காய்ந்த சோளம் மூட்டை மூட்டையாக லாரி ஏறிக் கோழித் தீவனத்துக்குப் போய்விடும். அதே ஊர்க்காரர்கள் மளிகைக் கடையில் அட்டைப்பெட்டிக் கார்ன்ஃப்ளேக்ஸைச் சத்தான காலை உணவு என்று நம்பி வாங்கிப் போகிறார்கள். பெட்டிக்குள் இருப்பதும் மக்காச்சோளம்தான். கூடவே சர்க்கரையும் உப்பும்.

சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்தப் பக்கத்தில் இரண்டு கட்சி. பாட்டி காலத்துச் சாப்பாட்டுக்குத் திரும்பினால் எந்த நோயும் அண்டாது என்பது ஒன்று. ஓட்ஸ், குயினோவா, சியா, ஆலிவ் எண்ணெய் என்று பட்டியல் போடுவது இன்னொன்று. இரண்டுமே பொருள் பிறந்த ஊரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கின்றன. பிறந்த ஊரைப் பார்த்தால் நம் காட்டில் பாதி வெளிநாட்டுச் சரக்கு. ஆண்டிமடம், செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரியின் பூர்வீகம் பிரேசில்; 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கொண்டுவந்தது. நிலக்கடலையும் மரவள்ளியும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டங்களின் பயிர்களே. ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தில் இருந்து ஆண்ட காலத்தில் இவற்றில் ஒன்றுகூட இந்த மண்ணில் கிடையாது.

ஆகவே எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும், எங்கிருந்து வந்தது என்பதை ஓரமாக வைத்துவிட்டு, எப்படி விளைந்தது, எப்படிக் காயவைத்து இருப்பு வைத்தார்கள், நாம் எப்படிச் சமைக்கப் போகிறோம் என்று கேளுங்கள். இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கேள்விகளுக்கான பதில்தான்.

சுண்ணாம்பில் வெந்த மக்காச்சோளம்

மாவட்டமே விளைவிக்கும் ஒரு தானியத்தை நம் அடுப்பு ஏன் ஏற்கவில்லை? பச்சைக் கதிரை அவித்தோ சுட்டோ தின்பதோடு சரி. முற்றிய சோளத்தை மாவாக்கி ரொட்டி தட்டினால் ஓரமெல்லாம் விண்டு போகிறது. களி கிண்டினால் கேழ்வரகு போலத் திரண்டு வருவதில்லை. காரணம் எளிது. பயிர் நம்மிடம் வந்து சேர்ந்தது. அதைப் பக்குவம் செய்யும் முறை கூடவே வரவில்லை.

மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் 3,000 ஆண்டுகளுக்கும் மேலாக மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி, ஈரமாகவே அரைக்கிறார்கள். சுண்ணாம்பு தோலைக் கழற்றிவிடும். மாவுக்குப் பசை வரும். எல்லாவற்றையும்விட முக்கியம், சோளத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்ற பி3 வைட்டமினை உடம்பு எடுத்துக்கொள்ளும்படி விடுவித்துத் தரும். ஐரோப்பியர்கள் இந்த முறையை விட்டுவிட்டுப் பயிரை மட்டும் எடுத்துப் போனார்கள். வேறு எதுவும் வாங்க வழியில்லாமல் சோளத்தையே மூன்று வேளையும் தின்ற ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு கழன்றது, புத்தி பேதலித்தது. பெலாக்ரா என்ற அந்த நோயை 1735-இல் ஸ்பெயினில் காஸ்பார் கசால் என்ற மருத்துவர் எழுதி வைத்தார். வட இத்தாலியிலும், 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அது ஏராளமானவர்களைக் கொன்றது. கிருமியால் வரும் நோய் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, 1914-இல் ஆராய்ச்சியைத் தொடங்கிய ஜோசப் கோல்ட்பர்கர்தான் அது சாப்பாட்டுக் குறையால் வருவது என்று நிரூபித்தார். மெக்சிகோவின் கிராமத்துப் பெண்கள் காரணம் தெரியாமலே அதைத் தடுத்து வைத்திருந்தார்கள்.

பருப்பு, மோர், கீரை என்று கலந்து சாப்பிடும் நமக்கு அந்த நோய் வராது, பயப்பட வேண்டாம். முறை நமக்குத் தேவைப்படுவது ருசிக்காகவும், விண்டு போகாத மாவுக்காகவும், கூடக் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்துக்காகவும்.

அரை கிலோ காய்ந்த மக்காச்சோளத்தைப் புடைத்து, சொத்தையும் உடைந்ததும் பொறுக்கி எடுத்துவிட்டுக் கழுவுங்கள். எவர்சில்வர் பாத்திரம் அல்லது மண்சட்டி வேண்டும். அலுமினியம் கூடாது, சுண்ணாம்பு அதை அரித்துவிடும். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 5 கிராம் சுண்ணாம்பைக் கரையுங்கள். வெற்றிலைக் கடையில் குழைத்து விற்பதில் பாதி தண்ணீர்தான், ஆகவே அது 10 கிராம், சுமார் ஒன்றரைத் தேக்கரண்டி. தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் மட்டும் போதாது, பால்போல் கலங்கலாகவே ஊற்றுங்கள். சோளத்தைப் போட்டுக் கொதி வந்ததும் தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம் வேகவிடுங்கள். வெள்ளை கலந்த மஞ்சளாக இருந்த மணி நல்ல மஞ்சளாக மாறும். மழையில் நனைந்த சுவர் மாதிரி ஒரு வாசனை வரும். ஒரு மணியை எடுத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். தோல் வழுக்கிக்கொண்டு வந்தால் அடுப்பை நிறுத்தி, மூடி, இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள்.

காலையில் தண்ணீரை வடித்து, மூன்று நான்கு தடவை உள்ளங்கையால் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீர் தெளிந்து வந்தால் சுண்ணாம்பு போய்விட்டது என்று அர்த்தம். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரையுங்கள். கிரைண்டர் போதும். அம்மி இருந்தால் இன்னும் நல்லது. மெக்சிகோவில் இதற்கென்றே வைத்திருக்கும் ‘மெதாத்தே’ என்ற கல்லும் நம் அம்மியும் குழவியும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றே. மாவை எலுமிச்சை அளவு உருட்டி, வாழை இலையில் வைத்து மெலிதாகத் தட்டி, எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் வாட்டி எடுங்கள். நடுவில் உப்பி வந்தால் பதம் சரி. இதுதான் டார்ட்டில்லா.

சுண்ணாம்பில் ஒரு எச்சரிக்கை. அரியலூர் மண்ணுக்கடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அத்தனை சிமெண்ட் ஆலைகளும் இருக்கின்றன. அதற்காக வெள்ளையடிக்க வாங்கிய சுண்ணாம்பைச் சமையலில் போட்டுவிடக் கூடாது. நீற்றாத சுண்ணாம்பு கையையும் கண்ணையும் சுட்டுவிடும். வாசனையோ நிறமோ சேர்க்காத வெற்றிலைச் சுண்ணாம்பு மட்டும்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யட்டும்.

தொட்டுக்கொள்ள என்ன? அந்த ஊரில் சோளத்தோடு அவரை வகைகளையும் பூசணியையும் ஒரே நிலத்தில் சேர்த்துப் பயிரிட்டு, தட்டிலும் சேர்த்தே சாப்பிட்டார்கள். சோளத்துப் புரதத்தில் லைசின் குறைவு. பயறு அதை ஈடுகட்டும். மொச்சை, தட்டைப்பயறு, பரங்கி எல்லாம் நம் சந்தையிலேயே கிடைக்கின்றன. மொச்சைக் குழம்பும் பரங்கிக்காய்ப் பொரியலும் இந்த ரொட்டிக்கு அப்படிப் பொருந்தும்.

எந்தச் சோளத்தை வாங்குவது என்பதில் கறாராக இருங்கள். 2018-இல் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்து, அந்த ஆண்டே பெரம்பலூர், அரியலூர் காடுகளைச் சூறையாடியது. அதிலிருந்து குருத்துக்குள் மருந்து அடிப்பது வழக்கமாகிவிட்டது. தீவனத்துக்கென்று விளைந்த சரக்கை மண்டியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். தெரிந்த விவசாயியிடம் எப்போது, என்ன மருந்து அடித்தார் என்று கேட்டு, தார்ச்சாலையில் டயர் ஏறிக் காய்ந்ததைத் தவிர்த்து, களத்தில் தார்ப்பாயில் காய்ந்ததை வாங்குங்கள். பல்லால் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும்.

கடலையும் செக்கும்

அந்தப் பூஞ்சையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சரியாகக் காயாத மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் வளரும் ஒரு பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். கல்லீரல் புற்றுநோய்க்கு அது ஒரு காரணம் என்பது உறுதியான விஷயம். வறுத்தாலும் அவித்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கிய பருப்பு, பச்சையோ கறுப்போ படர்ந்த பருப்பு, காறல் அடிக்கும் பருப்பு எதுவானாலும் கழித்துப் போட்டுவிடுங்கள். காசு கொடுத்து வாங்கியது என்று சட்னியில் சேர்க்காதீர்கள்.

செக்கு எண்ணெய் வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ரீஃபைண்டு ஆலையில் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது இந்த நஞ்சும் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. செக்கில் அந்த வேலை நடப்பதில்லை. ஆகவே செக்கு எண்ணெயின் தரம் என்பது உள்ளே போன கடலையின் தரம்தான். மரச்செக்கு என்று பலகை மாட்டியிருப்பதைப் பார்த்து வாங்குவதைவிட, ஜெயங்கொண்டம் பக்கத்துக் கடலையையோ எள்ளையோ நீங்களே வாங்கி, சொத்தை பொறுக்கி, ஆட்டிக் கொண்டுவருவது மேல். நம் ஊரில் அதற்கு இன்னும் வசதி இருக்கிறது. நகரத்துக்காரர்களுக்குக் கிடைக்காத பாக்கியம்.

ஆலிவ் எண்ணெய் தேவையா? தாளிக்கவும் பொரிக்கவும் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் போதும். சமைக்காமல் மேலே ஊற்றிச் சாப்பிட மட்டும் ‘எக்ஸ்ட்ரா வர்ஜின்’ என்று எழுதிய சிறிய, கறுத்த கண்ணாடிப் புட்டி ஒன்று வைத்துக்கொள்ளலாம். ‘பொமேஸ்’ என்று எழுதிய மலிவுச் சரக்கு, ஆலிவைப் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையிலிருந்து எடுத்துச் சுத்திகரித்தது. அந்தக் காசுக்கு உள்ளூர்க் கடலை எண்ணெய் வாங்கலாம்.

அந்தச் சிறு புட்டிக்கு நல்ல ஜோடி நம் சின்ன வெங்காயம். செட்டிகுளம் பக்கத்து வெங்காயத்துக்கு உள்ள பேர் உங்களுக்குத் தெரியும். அறுத்தவுடன் சந்தைக்கு ஓடிவந்த ஈர வெங்காயத்தைவிட, காற்றோட்டமாகப் பட்டறை போட்டு இருப்பு வைத்து எடுத்ததைக் கேட்டு வாங்குங்கள். கழுத்து சுருங்கி மூடியிருக்க வேண்டும், மேல்தோல் சலசலக்க வேண்டும். வீட்டில் பாலிதீன் பையில் கட்டி வைக்காமல் மூங்கில் தட்டில் பரப்புங்கள். இந்த வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, வெள்ளரி, தக்காளி, கரிசலில் விளைந்த கொத்தமல்லித் தழை, எலுமிச்சைச் சாறு, மேலே ஒரு தேக்கரண்டி ஆலிவ் எண்ணெய். மத்தியதரைக் கடல் நாடுகளில் தினமும் செய்வது கிட்டத்தட்ட இதைத்தான். சோற்றுக்கு முன்னால் ஒரு கிண்ணம் இதைச் சாப்பிட்டால் சோறு தானாகக் குறையும்.

வரகா, குயினோவாவா

வரகு இந்தச் சீமையின் பழைய மானாவாரிப் பயிர். குயினோவா பெரு, பொலிவியா நாட்டு மலைப்பயிர். புரதம் குயினோவாவில்தான் அதிகம். 100 கிராமுக்கு 14 கிராம் அளவு அதில், 9 கிராம் அளவு வரகில். ஆனால் வரகுச் சோற்றோடு ஒரு கரண்டி பருப்பு சேர்ந்தால் அந்த இடைவெளி அடைந்துவிடும். குயினோவாவுக்குப் பல மடங்கு விலை கொடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று பளபளக்கும் வரகை விட்டுவிட்டு, தவிடு ஒட்டிய, சற்றே பழுப்பானதைத் தேடுங்கள்.

வரகில் ஒரு ஆபத்து உண்டு, சிறுதானியப் பிரசாரத்தில் அதை யாரும் சொல்வதில்லை. அறுவடை நேரத்தில் மழையில் நனைந்த வரகில் பூஞ்சை பிடித்தால் தலைசுற்றல், வாந்தி, மயக்கம் வரும். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் செத்தது வயலில் நின்ற இப்படிப்பட்ட வரகைத் தின்றுதான். அறுவடையில் மழை பெய்ததா என்று கேட்டு, நன்கு காய்ந்து சில மாதம் இருப்பில் இருந்த தானியத்தை வாங்குங்கள். புதுச் சரக்கு என்று விற்பவர் பெருமை பேசினால் வரகைப் பொறுத்தவரை அது பெருமையில்லை.

இன்னொன்று, வரகும் மாவுச்சத்துதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று மதிப்பிட்டது. அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அரிசிக்குப் பதிலாகத் தட்டு நிறைய வரகு வைப்பதால் பயன் குறைவு. அளவும் குறைய வேண்டும்.

ஓட்ஸை நான் ஒதுக்கமாட்டேன். அதிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து கொழுப்பைக் குறைக்க உதவுகிறது, நம் சிறுதானியங்களில் அது இந்த அளவுக்குக் கிடையாது. எதுவும் கலக்காத வெறும் ஓட்ஸாக வாங்கி, கேரட், பீன்ஸ், சின்ன வெங்காயம் போட்டு உப்புமா கிளறுங்கள். மசாலா ஓட்ஸ் பொட்டலத்தில் உப்பு அதிகம். சியாவில் இருக்கும் ஒமேகா-3 ஆளி விதையிலும் தாராளமாக உண்டு, விலையும் குறைவு. லேசாக வறுத்துப் பொடித்து இட்லிப் பொடியோடு சேர்த்துவிடலாம். எள்ளில் அது மிகக் குறைவு. எள்ளின் பெருமை தோலோடு இருக்கும் சுண்ணாம்புச் சத்து. மேற்காசியாவில் எள்ளைத் தோல் நீக்கி அரைத்துத் தஹினி செய்கிறார்கள். நாம் தோலோடு கறுப்பு எள்ளை வறுத்து, நல்லெண்ணெய் விட்டு விழுதாக அரைத்து, வேகவைத்த கொண்டைக்கடலை, பூண்டு, எலுமிச்சையோடு மறுபடி அரைத்தால் ஹம்மூஸ் கொஞ்சம் கறுப்பாக இருக்கும், சத்து கூடுதலாக இருக்கும். சப்பாத்திக்கும் மேலே சொன்ன சோள ரொட்டிக்கும் இது நல்ல துணை.

வீணாகும் முந்திரிப் பழம்

பங்குனி, சித்திரையில் முந்திரிக்காடுகளில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை அப்படியே போட்டுவிடுகிறார்கள். ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உள்ள பழம் அது. தொண்டையைப் பிடிக்கும் காறல்தான் தடை. அதற்கு வழி இருக்கிறது. பழத்தைப் பிழிந்து வடிகட்டி, ஒரு லிட்டர் சாற்றுக்கு 5 கிராம் ஜவ்வரிசியைக் கூழாகக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றிக் கலக்கி வையுங்கள். காறல் திரிந்து அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்பதை இறுத்து, தண்ணீரும் சிட்டிகை உப்பும் சேர்த்து அன்றைக்கே குடித்துவிடுங்கள். பழம் பறித்த சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும், ஆகவே காட்டோரத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே இது வாய்க்கும். பச்சைக் கொட்டையின் ஓட்டுப்பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

பருப்பு உடம்புக்கு நல்லதுதான், ஒரு கைப்பிடிக்குள். குருமாவில் அரைத்து ஊற்றும் முந்திரியையும் அந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

அளவு

நல்ல பொருள் வாங்கிவிட்டோம் என்ற நிம்மதியில் அளவை மறந்துவிடுகிறோம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு அரிசி, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், பருப்பு 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று இருக்கிறது. நால்வர் வீட்டுக்கு நாளொன்றுக்கு 1 கிலோ 600 கிராம் காய்கறி. நம் வீடுகளில் சாம்பாருக்குப் போட்ட இரண்டு முருங்கைக்காயும் ஒரு கரண்டிப் பொரியலும்தான் காய்கறி என்ற கணக்கில் வருகின்றன. இந்த ஒரு குறையைச் சரிசெய்யாமல் வேறு எந்த உயர்ந்த பொருளை வாங்கியும் பயனில்லை என்பது என் முடிவு. உழவர் சந்தைக்குக் காலை ஏழு மணிக்குள் போய், பாதிப் பையைக் கீரையால் நிரப்பிக்கொண்டு வாருங்கள்.

எண்ணெய்க் கணக்கு நால்வருக்கு மாதம் மூன்றரை லிட்டர். உப்பு, ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நால்வருக்கு மாதம் 600 கிராம். ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். இந்துப்பும் உப்புதான், சோடியம் ஏறக்குறைய அதே அளவு; அயோடின் சேர்க்காததால் அதையே தினசரி உப்பாக்கிவிடாதீர்கள்.

எண்ணெய்ப் பாத்திரத்திலும் உப்புப் பொட்டலத்திலும் பிரித்த தேதியை எழுதி வையுங்கள். தீரும் நாளில் அதைப் பாருங்கள். நால்வர் வீட்டில் மூன்றரை லிட்டர் எண்ணெய் இருபதே நாளில் தீர்ந்திருந்தால், அடுத்த மாதம் அதே எண்ணெயை அதே கடையில் வாங்கி, தாளிக்கும் கரண்டியை மட்டும் சிறியதாக மாற்றுங்கள்.